உச்சம் சமமானால் ஓசை சமமாகாது

துண்டு துண்டாகப் பதிந்த குரல்களை மென்பொருளில் ஒட்டிச் சேர்ப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. எல்லாக் கிளிப்புகளையும் தேர்ந்தெடுத்து நார்மலைஸ் கொடுத்துவிட்டால் லெவல் சமமாகிவிடும் என்பதே அது. அவிநாசி, திருப்பூர், கோவை என்று கொங்கு நாட்டு ஊர்களில் இன்று ஒரு கணினியும் ஒரு நல்ல மைக்கும் இருந்தால் போதும். கோயில் பாட்டு, வள்ளி கும்மிப் பாட்டு, பள்ளி ஆண்டு விழா நடனத்துக்கான தொகுப்பு, ஊர்க்கதைகளின் குரல் பதிவு எல்லாம் ஒரு சிறிய அறைக்குள் முடிந்துவிடுகின்றன. அங்கே எடிட்டிங்கின் முதல் வேலையாகச் செய்யப்படுவதும், புதிதாகக் கற்க வருபவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவதும் இந்தப் பொத்தான்தான். அது லெவலைச் சமமாக்குவதில்லை. ஏற்கெனவே சமமாக இருப்பதையும் குலைக்கிறது. அதன்மேல் அடுக்கப்படும் வேலைகள் அத்தனையையும் கோணலாக்குகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் சொல்லிவிட வேண்டும். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதைப் பூஜ்ய டெசிபல் என்கிறோம். அதற்கு மேல் போகும் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரப்பாகும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு தூரத்தில் நின்று பாடிய துண்டுகள் அந்தக் கூரையிலிருந்து வெவ்வேறு ஆழத்தில் கிடக்கும். நார்மலைஸ் ஒவ்வொரு துண்டிலும் மிக உயர்ந்த புள்ளியைக் கண்டுபிடித்து, அதை, எடுத்துக்காட்டாக, மைனஸ் 1 டெசிபலுக்கு ஏற்றி, மற்ற அனைத்தையும் அதே அளவு ஏற்றுகிறது. எதுவும் வெட்டுப்படாது, யார் செய்தாலும் ஒரே விடை வரும், ஒரு நொடியில் முடியும், திரையில் அலைவடிவங்கள் ஒரே உயரத்தில் நிற்கும். இவை அத்தனையும் உண்மை. துண்டு முழுவதும் ஒரே எண்ணால் பெருக்கப்படுவதால் அதன் உள்வடிவம் கெடுவதில்லை என்பதும் உண்மை. பிழை ஒரே இடத்தில் இருக்கிறது: உச்சங்கள் ஒத்துவந்தால் உரப்பும் ஒத்துவரும் என்ற அனுமானத்தில். அது விழுந்தால் முறை முழுவதும் விழுகிறது.

1. காது உச்சத்தைக் கேட்பதில்லை. வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் பதிந்த நான்கு நிமிடப் பாடலில் 1 கோடியே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. நார்மலைஸ் அவற்றில் ஒரே ஒன்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. காதோ ஒரு வினாடியின் பகுதி நேரத்துக்குப் பரவிக்கிடக்கும் ஆற்றலைச் சேர்த்துத்தான் உரப்பை உணர்கிறது. அதிலும் எல்லா அதிர்வெண்களுக்கும் ஒரே கூர்மை அதற்கு இல்லை என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். 1939இல் அமெரிக்க வானொலிகள் ஏற்றுக்கொண்ட வி.யு. மீட்டரின் முள் வேண்டுமென்றே மந்தமாக, ஏறத்தாழ 300 மில்லிவினாடிச் சராசரியைக் காட்டும்படி அமைக்கப்பட்டது; கண நேரக் கூர்முனைகளை அது பொருட்படுத்தக்கூடாது என்பதே நோக்கம். 2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பி.எஸ். 1770 அளவுமுறை, ஒலியைக் காதின் போக்குக்கு ஏற்ப வடிகட்டி, ஆற்றலைச் சராசரியாக்கி உரப்பைக் கணக்கிடுகிறது; மௌனத்தை ஒதுக்கிவிட்டு அளக்கும் வழி பின்னர் அதில் சேர்ந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் அதையே அடிப்படையாக்கி மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) என்ற இலக்கை வகுத்தது. ஒலியை அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எண்பது ஆண்டுகளாக உச்சத்தை விட்டு விலகி வந்திருக்கிறார்கள். நாம் மட்டும் எதற்காக அதை நோக்கித் திரும்பிப் போக வேண்டும்?

2. உச்சத்தை நம்பிய உலகம் என்ன ஆனது என்பதற்குத் தொலைக்காட்சி விளம்பரம் சாட்சி. நாடகம் ஓடிக்கொண்டிருக்கும், விளம்பரம் வந்ததும் வீடு அதிரும். விளம்பரக்காரர்கள் கூரையைத் தாண்டவில்லை. நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் உச்ச வரம்பு ஒன்றுதான். கூரைக்கும் தரைக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கத்தைக் கம்ப்ரஸரால் நெருக்கி, ஒவ்வொரு கணமும் உச்சத்தின் அருகிலேயே நிற்கும்படி செய்தார்கள், அவ்வளவுதான். உச்சம் சமமாக இருந்தும் உரப்பு ஏறியது. இதைக் கட்டுப்படுத்த அமெரிக்கா 2010இல் தனிச் சட்டமே இயற்றியது. 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. விளம்பர ஒலி மிகையாக இருக்கக்கூடாது என்று நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளும் கூறுகின்றன. உச்சத்தைச் சமமாக்கினால் ஒலி சமமாகும் என்பது மெய்யானால் இந்தச் சட்டங்களுக்குத் தேவையே எழுந்திருக்காது.

3. உடுக்கை இருக்கும் துண்டும் இல்லாத துண்டும் இந்தப் பொத்தானிடம் நீதி பெற முடியாது. அண்ணன்மார் கதை என்ற வாய்மொழிக் காவியத்தைப் பாடும் கொங்குப் பாட்டுக்காரர் உடுக்கை அடித்துப் பாடுவார். இடையிடையே பாட்டை நிறுத்தி வசனமாகக் கதை சொல்வார். பாட்டுத் துண்டில் அவர் குரலின் சராசரி மைனஸ் 24 டெசிபலில் இருக்கிறது, உடுக்கையின் ஒரு சுரீர் அடி மைனஸ் 2 வரை எகிறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வசனத் துண்டிலும் குரலின் சராசரி அதே மைனஸ் 24. உடுக்கை இல்லாததால் உச்சம் மைனஸ் 10 மட்டுமே. இரண்டு குரலும் இப்போது சமம். யாரும் தொட வேண்டியதில்லை. இரண்டையும் மைனஸ் 1க்கு நார்மலைஸ் செய்தால் பாட்டு 1 டெசிபலும் வசனம் 9 டெசிபலும் ஏறும். பாட்டுக் குரல் மைனஸ் 23இலும் பேச்சுக் குரல் மைனஸ் 15இலும் போய் நிற்கும். 10 டெசிபல் கூடினால் ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகக் கேட்கும் என்பது பொதுக்கணக்கு. சமமாக இருந்த ஒரே மனிதரின் குரலை, சமமாக்குவதாகச் சொன்ன கருவி 8 டெசிபல் பிளந்துவிட்டது. குழித்தாளம், ஜமாப், பெருஞ்சலங்கை என்று கூர்மையான அடி உள்ள எந்தக் கொங்குக் கலையிலும் இதுதான் நடக்கும். மைக்கில் விரல் பட்ட தட்டலும், பகர ஒலி வெடித்த காற்றும் போதும், ஒரு துண்டின் தலையெழுத்தை மாற்றுவதற்கு.

4. வெட்டிய இடத்தில் வாக்கியம் இரண்டாக உடைகிறது. எடிட்டிங் என்பதே வெட்டுவதும் ஒட்டுவதும்தான். பாடகர் நடுவில் செருமினார். அந்த இடத்தை நீக்கினோம். ஒரே மூச்சில் சொன்ன வாக்கியம் இப்போது இரண்டு கிளிப். முதல் பாதியில் அழுத்திச் சொன்ன சொல் இருக்கிறது, இரண்டாம் பாதி தணிந்து முடிகிறது. தனித்தனியாக நார்மலைஸ் செய்தால் தணிந்த பாதி மேலே ஏறி, வாக்கியம் முடிய வேண்டிய இடத்தில் திடீரென உரக்கத் தொடங்கும். ரீப்பர் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு கிளிப்பையும் தனியாக ஏற்றுவதற்கும், எல்லாவற்றையும் ஒரே அளவில் சேர்த்து ஏற்றுவதற்கும் வெவ்வேறு கட்டளைகளைத் தந்திருப்பது இதனால்தான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்துகிறவர் வெட்டுத் தெரியாமல் ஒட்டவே முடியாது. இரு துண்டுகளும் கலக்கும் இடத்தில் கிராஸ்ஃபேடு எவ்வளவு நீளமாகக் கொடுத்தாலும், இருபுறமும் லெவல் வேறானால் காது படியைக் கண்டுபிடித்துவிடும்.

5. துண்டுகளுக்கு இடையே உள்ள உறவும் பாட்டின் பகுதியே. அவிநாசித் தலத்துக்குச் சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. குறிஞ்சிப் பண்ணில் அமைந்த பத்துப் பாடல்கள். முதலை விழுங்கிய பிள்ளை மீண்ட கதையோடு சேர்த்து ஊர் போற்றிவரும் பதிகம். ஓர் ஓதுவார் அதைப் பத்துத் துண்டுகளாகப் பாடித் தருகிறார் என்றால், அவை பத்துத் தனிப் பொருள்கள் அல்ல. ஒன்றில் தாழ்ந்து தொடங்குவார், இன்னொன்றில் மேல் ஸ்தாயிக்குப் போவார், வேண்டுகோளாக வரும் இடத்தில் குரலை ஒடுக்குவார். எங்கே ஒடுக்குவது, எங்கே விரிப்பது என்பது அவர் பயிற்சியிலும் பக்தியிலும் விளைந்த முடிவு. பத்தையும் தனித்தனியே கூரைக்கு ஏற்றுவது அந்த முடிவை அவரைக் கேட்காமலே ரத்துசெய்வதாகும். வணிக நோக்கமுள்ள ஸ்பாட்டிஃபை கூட ஓர் ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது பாடல்களின் உறவு கெடாதபடி ஆல்பம் முழுவதையும் ஒரே அளவில் ஏற்றி இறக்குகிறது. தேவாரத்துக்கு நாம் அந்த அளவு மரியாதைகூடத் தர வேண்டாமா?

6. குரலை ஏற்றினால் பின்னணி இரைச்சலும் ஏறுகிறது. விசைத்தறி ஓடும் ஊர்கள் இவை. அறைக்கதவை எவ்வளவு இறுக்கமாகச் சாத்தினாலும் தறியின் தாளமும் மின்விசிறியின் காற்றும் சாலையின் உறுமலும் கொஞ்சமாவது மைக்கில் விழும். எல்லாத் துண்டிலும் அது ஒரே அளவில் இருக்கும்வரை காது அதை மறந்துவிடும். ஒரு துண்டு 1 டெசிபலும் அடுத்தது 9 டெசிபலும் ஏறினால் பின்னணியும் 8 டெசிபல் குதிக்கும். ஒட்டிய இடமெல்லாம் காதில் அறையும். பிறகு இரைச்சல் நீக்கியைப் போட்டுத் தேய்ப்பார்கள். அதில் குரலின் உயிரும் சேர்ந்து தேயும். முதல் அடியில் செய்த தவறுக்கு மூன்றாம் அடியில் தண்டம் கட்டும் கதை இது.

7. உச்சம் கூரையைத் தொடாவிட்டால் தரம் வீணாகிறது என்பது பழைய காலத்து அச்சம். ஒலிநாடாவில் குறைவாகப் பதிந்தால் நாடாவின் சீறல் மேலே வரும். 16 பிட் பதிவின் எல்லை ஏறத்தாழ 96 டெசிபல். அப்போது அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 24 பிட் பதிவின் கோட்பாட்டு எல்லை ஏறத்தாழ 144 டெசிபல். அறையின் இரைச்சல் அதன் அடிமட்டத்துக்கு வெகு மேலேயே நின்றுவிடும். சராசரி மைனஸ் 18 அல்லது 20இல் பதிந்தாலும் ஓர் அணுவும் இழப்பில்லை. மாறாக, கூரையை ஒட்டி நிறுத்திய கோப்பு எம்.பி.3 ஆக மாறும்போது மாதிரிகளுக்கு இடையே அலை எழும்பிக் கூரையைத் தாண்டக்கூடும். இணையத் தளங்களும் உரக்க இருப்பதற்குப் பரிசு தருவதில்லை. ஸ்பாட்டிஃபையின் இயல்பான இலக்கு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ்.; மைனஸ் 8இல் கொடுத்தால் 6 டெசிபல் குறைத்துத்தான் ஒலிக்கும். நெருக்கியதால் இழந்தது இழந்ததுதான், வென்றது ஒன்றுமில்லை.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: உச்சத்தை விட்டுவிட்டு, எல்லாத் துண்டுகளையும் ஒரே எல்.யு.எஃப்.எஸ். எண்ணுக்குக் கொண்டுவந்தால் பிரச்சினை தீருமே, ஆடாசிட்டியிலேயே அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறதே என்பார்கள். இது பாதி சரி. உச்சத்தை நம்புவதைவிட உரப்பை அளப்பது எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த எண் துண்டின் மொத்த ஒலியைச் சொல்கிறது. அதில் குரல் எவ்வளவு, உடுக்கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்லை. உடுக்கை நிறைந்த துண்டில் எண் சரியாக இருக்கும், குரல் மட்டும் தாழ்ந்திருக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான ஏ.85 பரிந்துரை, உரையாடலையே நங்கூரமாகக் கொண்டு மற்றதை அதற்கு இசைக்கச் சொல்வது இக்காரணத்தால்தான். ஒற்றைச் சேனலில் இருக்கும் குரலை அப்படியே இரு சேனலாக்கினால் கேட்பது அதேதான், மீட்டரில் எண் மட்டும் 3 கூடும். இதை அறியாதவர் ஒரு துண்டை வீணாக ஏற்றிவிடுவார். இரண்டு வினாடித் துண்டுக்கு மொத்தச் சராசரி எதையும் உறுதியாகச் சொல்லாது. ஒப்பாரியையும் போர்க்களத்தையும் ஒரே எண்ணில் நிறுத்தினால் இரண்டும் பொய்யாகும். மீட்டர் சாட்சி சொல்லட்டும், தீர்ப்பு காதுடையது.

இரண்டாவது எதிர்வாதம் நடைமுறை சார்ந்தது: கேட்பவர்கள் கைபேசியில் கேட்கிறார்கள், பேருந்தில் கேட்கிறார்கள், திருவிழாவில் ஹாரன் ஸ்பீக்கரில் கேட்கிறார்கள், இந்த நுணுக்கம் யாருக்குத் தெரியப்போகிறது? சிறிய ஒலிபெருக்கியில் ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பது நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதுவே நார்மலைஸுக்கு எதிரான வாதமாகவும் ஆகிறது. பேருந்தில் 8 டெசிபல் தாழ்ந்த துண்டு இரைச்சலில் மூழ்கும். கேட்பவர் ஒலியைக் கூட்டுவார். அடுத்த துண்டு காதைக் கிழிக்கும். ஹாரனில் உரத்த துண்டு பிளிறும், மெல்லிய துண்டு தெருமுனையைத் தாண்டாது. கருவி எளியதானால் துண்டுகள் கூடுதல் கவனத்தோடு சமப்பட வேண்டும். ஏற்ற இறக்கத்தைக் குறைக்க வேண்டுமென்றால், குரல்களைச் சமப்படுத்திய பிறகு மெல்லிய கம்ப்ரஷன் கொடுப்பதே வழி. சமமற்ற துண்டுகளைக் கம்ப்ரஸருக்குள் செலுத்தினால் ஒன்றை அது பிழியும், மற்றொன்றைத் தொடவே தொடாது. ஒரே குரல் இரண்டு குரலாகிவிடும்.

மூன்றாவது எதிர்வாதம் நேரம். சித்திரைத் தேருக்கு இரண்டு நாள் முன்பு பாட்டு வேண்டும் என்று வந்து நிற்பவருக்குக் காதால் ஒவ்வொன்றாகச் சமப்படுத்த நேரம் எங்கே என்கிறார்கள். பத்துத் துண்டுகளின் குரலை ஒப்பிட்டுக் கிளிப் கெயினை ஏற்றி இறக்குவது பெரிய வேலை அல்ல; ஒரு துண்டின் கடைசி வரியையும் அடுத்ததன் முதல் வரியையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். பொத்தானால் மிச்சமாகும் நேரம், இரைச்சலையும் வெட்டுத் தழும்பையும் மறைக்கும் வேலையில் செலவாகிவிடுகிறது. நேரமின்மை உண்மையான துன்பம்தான். அதைத் தீர்க்காத கருவியை அதற்கு மருந்தாகக் காட்டுவதை ஏற்க முடியாது.

சரியான வரிசை எது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் மூலப் பதிவை ஒரு நகல் எடுத்துத் தொடாமல் வைக்க வேண்டும். அடுத்து வெட்டி ஒட்டி, இணைப்புகளுக்குக் கிராஸ்ஃபேடு கொடுக்க வேண்டும். துருத்தி நிற்கும் ஒற்றைத் தட்டலையோ வெடிப்பையோ அந்த இடத்தில் மட்டும் என்வலப்பால் தாழ்த்த வேண்டும். பிறகு ஒரு துண்டை அளவுகோலாக வைத்து, குரலையே பிடிமானமாகக் கொண்டு மற்றவற்றின் கெயினைக் காதால் சரிசெய்து, உரப்பு மீட்டரில் சரிபார்க்க வேண்டும். அப்போது பின்னணி இரைச்சல் குதித்தால் அறையின் வெற்றொலியை அடியில் ஓடவிட்டு நிரவ வேண்டும். அதிர்வெண்களைச் சரிசெய்யும் ஈக்குவும் கம்ப்ரஷனும் அதற்குப் பிறகு. எல்லாம் முடிந்தபின், முழுப் படைப்பையும் ஒன்றாக எடுத்து இலக்கு உரப்புக்குக் கொண்டுவந்து, உச்சம் மைனஸ் 1ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நார்மலைஸுக்கு உரிய இடம் இந்தக் கடைசிப் படி மட்டுமே.

இது ஒலிப் பொறியாளர்களின் உட்சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 1965இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் வட்டாரத்தில் அண்ணன்மார் கதையைப் பாட்டுக்காரர் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதை இரண்டு தொகுதிகளாக நூலாக்கியது. ஒரு மரபு எப்படிப் பாடப்பட்டது என்பதற்கு அத்தகைய பதிவே சான்று. இன்று அவிநாசியிலும் அந்தியூரிலும் கைபேசியாலும் கணினியாலும் பதிவாகும் உடுக்கைப் பாட்டும் கும்மியும் நாளை அதே இடத்தில் நிற்கும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், பாதுகாப்புப் படியைக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், எந்தத் திருத்தமும் செய்யாமல் வைக்கச் சொல்கிறது. நம் அறைகளிலோ நார்மலைஸ் செய்த கோப்பைச் சேமித்துவிட்டு மூலத்தை அழித்துவிடும் வழக்கம் இருக்கிறது. பாட்டுக்காரர் எங்கே குரலை ஒடுக்கினார் என்பதை இருபது ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு அந்தக் கோப்பு தவறாகச் சொல்லும். திருத்திச் சொல்ல அவரும் இருக்கமாட்டார்.

ஆகவே கொங்கு நாட்டில் பதிவு செய்யும் ஒவ்வொருவருக்கும் வேண்டுகோள் இதுதான்: அடுத்த பதிவில் துண்டுகளைத் தனித்தனியே நார்மலைஸ் செய்யாதீர்கள். மூலத்தை அழிக்காதீர்கள். குரலைக் குரலோடு ஒப்பிட்டுக் கெயினை நீங்களே வையுங்கள். புதிதாகக் கற்க வருபவருக்குப் பொத்தானைக் காட்டுவதற்கு முன் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.